முதுமையில் படிப்பு: தடுப்பது வயதா, வெட்கமா?

கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையில் துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில் பஞ்சாலைகளும் பவுண்டரிகளும் பம்ப்செட் பட்டறைகளும் நிறைய. பதினான்கு, பதினைந்து வயதிலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்து, ஆயுளின் பெரும்பகுதியை ஷிப்டுகளில் கழித்துவிட்டு இப்போது ஓய்வாக வீட்டில் இருக்கும் பெரியவர்கள் நம் சமுதாயத்திலும் உண்டு. அவர்களில் பலருக்கு மதரஸா ஓதல் பாதியில் நின்றுபோனது. நம் வீட்டு நன்னிமார்களில் பலர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு மூன்று வருடங்களே போனவர்கள்.

பெரியநாயக்கன்பாளையம் படிப்புக்குப் பேர்போன ஊர். 1930ல் தி. சு. அவினாசிலிங்கம் தொடங்கிய ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் இங்கேதான் இருக்கிறது. சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் படித்து வெளியே போயிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்காகவே தம் படிப்பை விட்டவர்கள்தாம் இன்றைய பெரியவர்கள். பிள்ளைகள் நிலைக்கு வந்துவிட்டார்கள். இவர்களுக்கும் இப்போது நேரம் இருக்கிறது. குர்ஆனைத் திருத்தமாக ஓத வேண்டும், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும், கைப்பேசியில் பேரனுடன் தாமாகவே பேச வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. ஆனால், “வாங்க, கத்துக்கலாம்” என்று கூப்பிட்டால், “இனிமேல் எங்கத்த மண்டையில ஏறப் போகுது” என்று ஒரே சொல்லில் ஒதுங்கிவிடுகிறார்கள்.

உண்மையிலேயே ஏறாதா? ஏறாமல் தடுப்பது வயதா, அல்லது மனத்தில் இருக்கும் பயமும் வெட்கமுமா? இதைக் குடும்பத்தார் புரிந்துகொண்டால், நம் வீட்டுப் பெரியவர்களின் மீதி நாட்களே மாறிப்போகும்.

வயதானால் மூளையில் எது குறைகிறது, எது குறையாது?

வயது கூடும்போது சில திறன்கள் குறைவது உண்மைதான். ஒரு விஷயத்தைக் கேட்டுப் பதில் சொல்லும் வேகம் குறைகிறது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வேலைகளை மனத்தில் வைத்துக்கொள்வது சிரமமாகிறது. புதிய பெயரோ எண்ணோ சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. கண்ணும் காதும் மங்குவதால் பாடம் உள்ளே போகும் வாசலே குறுகிவிடுகிறது.

ஆனால் சொல்வளம், அனுபவ அறிவு, மனிதர்களை எடைபோடும் திறன், தொழில் நுணுக்கம் ஆகியவை முதுமையிலும் நெடுநாள் நிலைத்து நிற்கின்றன. எழுபது வயதில் புதிய எண்ணை மனப்பாடம் செய்யத் தடுமாறுபவரே, லேத் ஓடும் சத்தத்தைக் கேட்டு எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். உளவியலாளர்கள் இவற்றை இரு வகை அறிவாகப் பிரிக்கிறார்கள். புதிய சிக்கலை வேகமாகப் பிடிக்கும் அறிவு ஒன்று, வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த அறிவு மற்றொன்று. முன்னது மெல்லத் தேய்கிறது. பின்னது பெரும்பாலும் தங்குகிறது. புதிய பாடத்தைப் பழைய அனுபவத்தோடு முடிச்சுப் போட்டுக் கொடுத்தால் முதியவர்கள் நன்றாகவே கற்கிறார்கள்.

அமெரிக்காவில் டெனிஸ் பார்க் என்ற ஆய்வாளரின் குழு 2014ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 60 முதல் 90 வயது வரை உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு டிஜிட்டல் கேமராவில் படமெடுக்கவும் கணினியில் அதைத் திருத்தவும் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்குத் துணிகளை ஒட்டுப்போட்டு விரிப்பு தைக்கக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம். புதிதாக ஒன்றைக் கற்ற அவர்களின் நினைவாற்றல், கூடிப் பேசிப் பொழுதைக் கழித்தவர்களைவிட மேம்பட்டிருந்தது. முதுமை கல்விக்குத் தடையாக இல்லை. கல்விதான் முதுமைக்கு மருந்தாக இருந்திருக்கிறது.

பயம் இருக்கும் இடத்தில் பாடம் நிற்காது

அப்படியானால் நம் பெரியவர்கள் ஏன் தடுமாறுகிறார்கள்? இங்கேதான் மனநிலை வருகிறது.

கடையில் கல்லாவுக்கு முன்னால் ஒரு சிறிய மேசை இருக்கும். அதில் இரண்டு மூன்று பொருட்களை வைத்துக் கணக்குப் போடலாம். மேசை முழுக்கப் பழைய சாமான்கள் குவிந்திருந்தால் புதிதாக ஒன்றை வைக்க இடமிருக்காது. நம் மனத்திலும் அப்படி ஒரு மேசை இருக்கிறது. அந்த நேரத்துக்குத் தேவையானதை மட்டும் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம் அது. வயதாகும்போது அந்த மேசையே கொஞ்சம் சிறுத்துவிடுகிறது. அதில், “தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களோ?”, “பக்கத்தில் இருப்பவர் என்ன நினைப்பார்?”, “எனக்கு மறதி நோய் வந்துவிட்டதோ?” என்ற கவலைகளும் வந்து உட்கார்ந்துகொண்டால், பாடத்துக்கு எங்கே இடம்?

உடலிலும் இதற்குக் காரணம் உண்டு. பதற்றம் வரும்போது கார்டிசோல் என்ற சுரப்பு உடலில் கூடுகிறது. ஆபத்து வந்தால் ஓடவோ எதிர்க்கவோ உடலைத் தயாராக்குவது அதன் வேலை. ஆனால் மன அழுத்தம் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் வேலையை அதுவே கெடுக்கிறது. மனம் அமைதியாகவும் ஆர்வத்தோடும் இருக்கும்போது கேட்டது பதிகிறது. அவமானத்தோடு உட்கார்ந்திருக்கும்போது கேட்டது காதோடு போய்விடுகிறது.

2001ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இளையவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். இது நினைவாற்றலுக்கான சோதனை என்று அழுத்திச் சொன்னபோது முதியவர்கள் பின்தங்கினார்கள். நினைவு என்ற பேச்சையே எடுக்காமல், அறிவு பற்றிய பயிற்சி என்று சொல்லிக் கொடுத்தபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது. மூளையும் மாறவில்லை, பயிற்சியும் மாறவில்லை. சொன்ன விதம்தான் மாறியது.

நம் வீடுகளில் நடப்பதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். “அத்தா, நேத்துத்தானே சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டீங்களா?” என்று மகன் சாதாரணமாகக் கேட்கிறான். பொறுமையிழந்து கைப்பேசியைப் பிடுங்கி, “குடுங்க, நானே போட்டுத் தர்றேன்” என்கிறாள் பேத்தி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. ஆனால் பெரியவரின் காதில் அது, “உங்களால் முடியாது” என்றுதான் விழுகிறது. அடுத்த முறை அவர் கேட்கவே மாட்டார். அவருக்குப் பிடிக்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1977ல், ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழிகளில் வருகிறது என்று விளக்கினார். தாமே செய்து வெற்றி பெற்ற அனுபவம், தம்மைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பது, மதிக்கும் ஒருவரின் ஊக்கச் சொல், உடலும் மனமும் பதற்றமின்றி இருப்பது ஆகியவையே அந்த நான்கு. இவற்றுக்கு நம் அருகிலேயே சாட்சிகள் இருக்கின்றன.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலபார். 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோடு மானாஞ்சிறை மைதானத்தில், கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று உலகுக்கு அறிவித்தவர் ஓர் அமைச்சரோ அதிகாரியோ அல்லர். மலப்புறம் மாவட்டம் காவனூரைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா என்ற முஸ்லிம் மூதாட்டி. அறுபதை ஒட்டிய வயதில், எழுத்தறிவு இயக்கத்தின் மூலம் புதிதாக எழுதப் படிக்கக் கற்றவர். அவர் அந்த மேடையில் நின்றதைப் பார்த்த எத்தனை உம்மாமார்களுக்கு, ‘இவரால் முடிந்தது என்னால் முடியாதா?’ என்று தோன்றியிருக்கும்!

அதே மலப்புறம் மாவட்டத்தின் திரூரங்காடியைச் சேர்ந்தவர் கே. வி. ராபியா. கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்த இளம்பெண். 1990ல் தம் வீட்டிலேயே எழுத்தறிவு வகுப்பைத் தொடங்கினார். வயது வித்தியாசமின்றி அக்கம்பக்கத்து மக்கள் வந்து படித்தார்கள். 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவருடைய வகுப்பு ஏன் நிரம்பியது என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அது அரசுக் கட்டடம் அல்ல, தெரிந்த ஒரு பெண்ணின் வீடு. சொல்லிக் கொடுப்பவரும் வாழ்க்கையில் சிரமப்படுபவர். அங்கே தப்பாகப் படிக்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018ல், 96 வயதில், கேரள எழுத்தறிவு இயக்கத்தின் தேர்வில் 100க்கு 98 மதிப்பெண் எடுத்தார். அவருடைய மகள் அறுபது வயதையொட்டிப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வில் தேறியதுதான் தாய்க்கு ஆசையைத் தூண்டியது. ஒரு வீட்டில் ஒருவர் படிக்கத் தொடங்கினால் அடுத்தவருக்கும் தைரியம் வருகிறது.

நம் தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கத்தை நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ல் அந்த இயக்கம் நடந்தபோது, ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதையும் பெண்களுக்குக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். முஸ்லிம் பெண்களும் அதில் முன்வரிசையில் இருந்தார்கள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. சம்பந்தம் தன்னம்பிக்கைதான். விழுந்து எழுந்து ஒன்றைக் கற்றுக்கொண்டவருக்கு, அடுத்ததைக் கற்கும் துணிவு தானாக வந்துவிடுகிறது.

மார்க்கம் காட்டும் வழி

ஆய்வாளர்கள் இன்று சொல்வது நமக்குப் புதிதல்ல. முதல் வஹீ ஓதுமாறு கட்டளையிட்டுத்தான் இறங்கியது. அப்போது நபி (ஸல்) அவர்களுக்கு வயது 40. அவர்களிடம் பாடம் கேட்ட சஹாபாக்களில் பலரும் நடுவயதையும் முதுமையையும் எட்டியவர்கள். நபித்தோழர்கள் வயது முதிர்ந்த பிறகும் கல்வி கற்றார்கள் என்பதை இமாம் புகாரி (ரஹ்) தம் நூலின் கல்விப் பகுதியில் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள்.

மூஸா (அலை) அவர்களை ஃபிர்அவ்னிடம் போகச் சொன்னபோது, அவர்கள் முதலில் கேட்டது என்ன? தம் நெஞ்சத்தை விரிவாக்கித் தருமாறும், காரியத்தை எளிதாக்குமாறும், நாவின் முடிச்சை அவிழ்க்குமாறும் அல்லாஹ்விடம் கேட்டார்கள். தாஹா சூராவில் வரும் இந்த துஆவின் வரிசையைக் கவனியுங்கள். மன இறுக்கம் விலகுவது முதலில் வருகிறது. நாவின் தடை விலகுவது அதற்குப் பின்னர்தான்.

குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அறுபது வயதில் அலிஃப், பா ஆரம்பிக்கும் ஒருவருக்கு இதைவிட வேறென்ன ஆறுதல் வேண்டும்? நாம் எதற்காக வெட்கப்படுகிறோமோ, அந்தத் திணறலுக்கே அல்லாஹ் கூலி வைத்திருக்கிறான். குர்ஆன் ஏழு வகை ஓதல்களில் இறங்கியதற்கான காரணத்தைச் சொல்லும் ஹதீஸிலும், தம் சமுதாயத்தில் மூதாட்டிகளும் முதியவர்களும் எழுத்தே படித்திராதவர்களும் இருக்கிறார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் ஜிப்ரீல் (அலை) அவர்களிடம் முறையிட்டது பதிவாகியிருக்கிறது (திர்மிதி). வேகமாகப் படிக்கும் இளைஞர்களை மட்டும் மனத்தில் வைத்து வந்த மார்க்கம் அல்ல இது.

சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் முன்மாதிரி இருக்கிறது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் புதிதாக மார்க்கத்துக்கு வந்தவர். தொழுகையில் ஒருவர் தும்ம, பழக்கத்தில் வாய்விட்டுப் பதில் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் முறைத்துப் பார்க்க, கூசிப்போனார்கள். தொழுகை முடிந்ததும் நபி (ஸல்) அவர்கள் திட்டவில்லை, கடிந்துகொள்ளவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சு கூடாது என்பதை மட்டும் விளக்கினார்கள். அதைவிடச் சிறந்த ஆசிரியரைத் தாம் கண்டதே இல்லை என்று அந்த சஹாபி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள் (முஸ்லிம்). தவறு திருத்தப்பட்டது, மானம் காப்பாற்றப்பட்டது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

முதலில், பெரியவர் எதைக் கற்க விரும்புகிறார் என்று கேளுங்கள். நமக்குத் தேவையானதைத் திணிக்க வேண்டாம். யாசீன் ஓத ஆசைப்படும் நன்னிக்குக் கைப்பேசிப் பாடம் சலிப்பாக இருக்கும். மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் படிக்க விரும்பும் அத்தாவுக்கு அதுவே முதல் பாடமாக இருக்கட்டும். வயதில் மூத்தவர்கள் தம் வாழ்க்கைக்கு உடனே பயன்படுவதையும் மனத்துக்கு நெருக்கமானதையும்தான் ஆர்வத்தோடு கற்கிறார்கள்.

பாடத்தைச் சிறிதாக வையுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். உடல் தெளிவாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். சிலருக்கு ஃபஜ்ருக்குப் பிறகு, சிலருக்கு அஸருக்குப் பிறகு. ஒவ்வொரு நாளும் அவர் தாமாகச் செய்து முடித்த ஒன்றோடு பாடம் நிறைவடையட்டும். சொந்தக் கையெழுத்தில் பெயர் எழுதியதோ, பேரனுக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியதோ, எதுவானாலும் சரி.

கைப்பேசியோ பேனாவோ அவர் கையிலேயே இருக்கட்டும். நம் விரல் அதைத் தொடக்கூடாது. வாயால் சொல்லுங்கள், காத்திருங்கள். படிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், நாலாவது முறை உங்களிடம் கேட்க வேண்டிய சங்கடம் அவருக்கு இருக்காது.

“மறந்துட்டீங்களா?” என்ற சொல்லை விட்டுவிடுங்கள். “இன்னொரு தடவை பாத்துரலாம்” என்பது போதும். பேரப்பிள்ளைகள் முன்னால் திருத்துவதைத் தவிருங்கள். அதே பேரப்பிள்ளைக்கு அவர் எதையாவது சொல்லிக் கொடுக்க வாய்ப்பும் கொடுங்கள். சமையல் பக்குவமோ, மோட்டார் பழுது பார்ப்பதோ, குடும்பத்து வரலாறோ, எதுவாகவும் இருக்கலாம். கொடுக்கவும் தம்மிடம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவருக்கு வாங்கிக்கொள்வதில் வெட்கம் இருக்காது.

பணம் சம்பந்தப்பட்ட பயத்துக்குத் தனிக் கவனம் தேவை. “ஏதாவது தொட்டால் காசு போய்விடுமோ” என்ற அச்சம்தான் பலரைக் கைப்பேசியிலிருந்து விலக்கி வைக்கிறது. ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது, தெரியாத இணைப்பைத் தொடக்கூடாது என்ற இரண்டு விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, மற்றபடி எதைத் தொட்டாலும் கெட்டுப்போகாது என்று உறுதி கொடுங்கள். எல்லைகள் தெரிந்தால் பயம் குறையும்.

மஹல்லாவின் பங்கு

குடும்பத்தால் மட்டும் இது முடியாது. ஜமாஅத்துகளும் பெண்கள் மதரஸாக்களும் பெரியவர்களுக்குத் தனி வகுப்பு வைக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகளோடு அறுபது வயதுக்காரரை உட்கார வைப்பது அவரை விரட்டுவதற்குச் சமம். ஒத்த வயதினர் ஐந்தாறு பேர் போதும். அவர்களில் ஏற்கெனவே கற்றுக்கொண்ட ஒருவர் முன்னின்று நடத்தினால் இன்னும் நல்லது. தரையில் உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி, பெரிய எழுத்து முஸ்ஹஃப், நல்ல வெளிச்சம், நிறுத்தி நிதானமாகப் பேசும் உஸ்தாத் இருந்தால் வகுப்பு நடக்கும்.

எழுத்தறிவுக்கு அரசுத் திட்டமும் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக 2022ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ்நாட்டிலும் நடத்தப்படுகிறது. பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடமோ வட்டார வள மையத்திலோ விசாரிக்கலாம். படித்த நம் பிள்ளைகள் தன்னார்வலராகவும் சேரலாம்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம்

எல்லாத் தடுமாற்றத்தையும் வெட்கம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. துணையை இழந்தவர், வேலை ஓய்வுக்குப் பின் தனிமையில் இருப்பவர், நீண்ட நாளாக எதிலும் விருப்பமில்லாமல் சாப்பாடும் தூக்கமும் குறைந்தவர் ஆகியோருக்கு இருப்பது மனச்சோர்வாக இருக்கலாம். முதியவர்களின் மனச்சோர்வு பல நேரங்களில் மறதி நோய் போலவே தோன்றும். அதற்குச் சிகிச்சை கொடுத்தால் நினைவும் பெருமளவு தெளியும். காது கேளாமை, கண்புரை, தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைவு ஆகியவையும் கற்பதைக் கெடுக்கும். இவற்றுக்கும் மருத்துவம் உண்டு. பழகிய தெருவிலேயே வழி தவறுவது, வீட்டாரின் பெயரே மறப்பது போன்றவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ இலவசமாக அழைக்கலாம். கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் பாதுகாப்புத் தேடிய நபி (ஸல்) அவர்கள், நோய்க்கு மருந்து செய்யவும் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பெற்றோர் நமக்கு ஒரே எழுத்தை நூறு முறை சொல்லிக் கொடுத்தார்கள். நாம் மறந்தபோது சிரித்தார்களே தவிர, ஏளனம் செய்யவில்லை. சிறுவயதில் தம்மை வளர்த்தது போல் அவர்கள் மீது அருள் புரியுமாறு துஆ கேட்கக் குர்ஆன் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கையாவது இப்போது திருப்பிக் கொடுப்பது நம் கடமை. இன்றிரவு வீட்டுப் பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கற்றுக்கொள்ள ஆசை என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில், “எனக்கெதுக்கு அதெல்லாம்” என்பார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் பெரியவர்களின் நெஞ்சங்களை விரிவாக்கி, கல்வியை அவர்களுக்கு எளிதாக்கி, அவர்களுக்குப் பணிவிடை செய்யும் பொறுமையை நமக்கும் தருவானாக. ஆமீன்.